அந்தோனியார் குடா

மண்டபம் முகாம்
14.10.2013

அன்புத் தம்பி பஸ்ரியனுக்கு,

மடு மாதா உன்னையும் சுகந்தினியையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நானும் மகன் ஜெராட்டும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுத ஒன்றும் இல்லை. அவனுக்கு ராமநாதபுரத்தில் பெயின்ற் வேலை. எனக்கு வலது காது சண்டைக் காலத்துச் செல்லடியோடு போனது போனதுதான். இப்போது இடது காதும் கிட்ட வந்து கத்தினால்தான் கேட்கிறது. நீ போனில் "அக்கா, அக்கா" என்று கத்துவதும், நான் "ஆர், ஆர்" என்று கத்துவதும் முகாமுக்கே பகிடியாகிவிட்டது. ஆகவே எழுது. எழுதினால் கை தேயாது.

நீ ஊருக்குத் திரும்பி இரண்டு வருசம். பள்ளிமுனையில் வீடு கட்டிவிட்டாய் என்று மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பரவாயில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்களின் திருநாள். நண்டுக்குடாவுக்குப் போய் என் கொறற்றிக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வா.

இடம் உனக்கு மறந்திருக்காது. தொண்ணூறாம் ஆண்டு இந்தியாவுக்கு ஓடப் படகுக்குக் காத்திருந்தபோது மூன்று வயதுப் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனது. குழி வெட்டியது நீதான். அத்தான் தன் துடுப்பை நட்டு, உடைந்த வள்ளத்துப் பலகையைக் குறுக்கே கட்டிச் சிலுவையாக்கினார். மண் காய முதல் படகு வந்துவிட்டது, ஏறிவிட்டோம். இப்போது அத்தானும் போய்விட்டார். லோறன்ஸ் என்ற பெயரோடு அவருக்கு இங்கே கல்லறை இருக்கிறது, நான் பூ வைக்கிறேன். அவளுக்கு அங்கே உன்னை விட்டால் யார்?

நான் வரத்தான் போகிறேன். அவளிடம் ஒரு தடவை போய் இருக்காமல் என் கண் மூடாது.

சுகந்தினியின் முழங்கால் எப்படி என்று எழுது.

அக்கா புஸ்பம்


பள்ளிமுனை
11.11.2013

பாசமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம். நீங்களும் ஜெராட்டும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் நினைக்கிறோம். சுகந்தினிக்கு முழங்கால் உளைவு குறையவில்லை.

நீங்கள் சொன்னபடி ரெண்டாம் தேதி போனேன். மெழுகுதிரி கொளுத்தினேன். இடம் நல்ல துப்புரவாக இருக்கிறது. மணலை வாரிவிட்டு, சுற்றிவர வெள்ளைக் கல் அடுக்கி, பூமாலை போட்டு, வந்தவர்களும் முழந்தாளிட்டுக் கும்பிட்டார்கள். கொறற்றி ராசாத்தி மாதிரி இருக்கிறாள். நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்.

கடலில் ஒன்றும் இல்லை அக்கா. இந்திய றோலர் படகுகள் குஞ்சு குருமன் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகின்றன. வலையைக் கட்டி முகட்டில் வைத்துவிட்டேன். ஒரு கொம்பனிக்குப் போட் ஓடுகிறேன். கஞ்சிக்குக் குறைவில்லை.

ஊருக்கு வர அவசரப்பட வேண்டாம். இங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது, வீட்டுத்திட்டம் உங்களுக்குக் கிடைக்குமோ தெரியாது. அங்கே அரிசியாவது தருகிறார்கள்.

தம்பி பஸ்ரியன்


மண்டபம் முகாம்
6.12.2013

அன்புத் தம்பிக்கு,

பாலன் பிறக்கிற மாதம். உங்கள் வீட்டில் பலகாரத்துக்குக் குறைவு வராதிருக்கட்டும். இங்கே எனக்கு இருமல், மற்றும்படி குறையில்லை.

உன் கடிதத்தை நான் படித்து, ஜெராட் படித்து, பிறகும் நான் படித்தேன். வெள்ளைக் கல் அடுக்கியது யார்? பூமாலை போட்டது யார்? நீயா? உன் வீட்டு முற்றத்தை நீ ஒருநாளும் கூட்டி நான் கண்டதில்லை. "வந்தவர்களும்" என்று எழுதியிருக்கிறாய். யார் வந்தவர்கள்? அந்தக் கரையில் காகம்கூட இறங்காது. என் பிள்ளையின் குழியடியில் நின்றவர்களை விரல் மடக்கினால், உயிரோடு இருப்பது நீயும் நானும்தான்.

அது என்ன கொம்பனி? என்ன ஏற்றி ஓடுகிறாய், மீனா, ஆளா?

நான் ஊர் திரும்பப் பதிந்துவிட்டேன். ஜெராட் வரமாட்டானாம். "எனக்கு அங்க ஆரம்மா இருக்கினம்?" என்கிறான். "ஒரு அக்கா இருக்கிறாளடா" என்றேன். அவன் தூரிகையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா


பள்ளிமுனை
19.3.2014

பாசமுள்ள அக்காவுக்கு,

தவசு காலம் உங்களுக்கு ஆசீர்வாதமாக அமையட்டும். இருமலுக்குக் கற்பூரவள்ளி அவித்துக் குடியுங்கள். எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். கூரை ஓடு மாற்றினோம். சுகந்தினியை யாழ்ப்பாணத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தேன். தாழ்வுபாட்டில் ஒரு கலியாண வீடு. இப்படியே நாள் போய்விட்டது.

நண்டுக்குடாவுக்கு இப்போது தரைப்பாதை இல்லை. நேவி முகாம் போட்டு மூடிவிட்டான். நீங்கள் வந்தாலும் அங்கே போக முடியாது. அதற்காகத்தான் சொல்கிறேன், இன்னும் ஒரு வருசம் பொறுங்கள். இந்தப் பாதைகளை எல்லாம் விடப்போகிறார்கள் என்று ஒரு கதை இருக்கிறது.

மற்றும்படி புதினம் இல்லை.

தம்பி பஸ்ரியன்


மண்டபம் முகாம்
2.5.2014

பஸ்ரியனுக்கு,

சுகம் கேட்கிறேன், கேட்டதாக வைத்துக்கொள்.

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறாய். நான் கல் அடுக்கியது யார் என்றேன், நீ ஓடு மாற்றிய கதை எழுதுகிறாய்.

ஜெராட்டின் கூட்டாளி ஒருவன் போனில் இலங்கைக் கடற்கரை எல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். "ஆன்ரி, இது உங்கட மன்னார்" என்று நீட்டினான். ஒரு குடா. பெரிய குடைகள் நட்டு, சாய்கதிரை போட்டு, வெள்ளைக்காரரும் கொழும்பு ஆக்களும் உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். தண்ணீருக்குள் சிலர். போட்டில் நீ நிற்கிறாய், நீலத் தொப்பியும் பல்லுமாக. பின்னால் ஒரு சிலுவை. அந்தத் துடுப்பை எனக்குத் தெரியாதா? அத்தான் கைபிடித்துத் தேய்ந்த இடம்கூடத் தெரிகிறது. குறுக்குப் பலகையில் யாரோ குளித்துவிட்டுத் துவாய் காயப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பையன், "வடிவான இடம், என்ன ஆன்ரி?" என்றான். "ஓம்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதும். மாதாவின் பெயரால் கேட்கிறேன், என் பிள்ளை மேலே என்னடா செய்துவைத்திருக்கிறாய்?

புஸ்பம்


பள்ளிமுனை
8.6.2014

என்றும் மறவாத அக்காவுக்கு,

உங்கள் கோபம் ஆற ஆண்டவரை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். முழுதும் படித்த பிறகு திட்டுங்கள்.

நான் ஊருக்கு வந்த வருசம், ஒருநாள் காற்றுக்கு ஒதுங்கிக் குடாவுக்குள் போனேன். நேவி டோசர் நிற்கிறது. மணலைத் தள்ளிக்கொண்டு சிலுவைக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவர்களுடைய பெரியவர் அரைத் தமிழில், "மே மொகத? இது என்ன?" என்றார். கல்லறை என்று நாக்கு நுனிவரை வந்தது. கல்லறை என்றால் யாருடையது, எந்த வருசம், இயக்கமா என்று அடுத்த கேள்வி வரும். இயக்கப் பெடியளின் கல்லறைகளை எப்படி டோசர் விட்டு இடித்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும். என் வாயில் வந்தது, "சாந்த அந்தோனி, சேர்."

அக்கா, அந்தோனியார் என்றால் சிங்களவரும் கும்பிடுவார்கள், புத்த சமயத்தவரும் கும்பிடுவார்கள். அந்த மனுசன் தொப்பியைக் கழற்றினார். டோசர் திரும்பிப் போனது. அடுத்த தடவை போனபோது சுற்றிவர வெள்ளைக் கல் அடுக்கியிருந்தார்கள். அவர்கள்தான் கூட்டுகிறார்கள், அவர்கள்தான் மாலை போடுகிறார்கள்.

அதற்குப் பிறகு கொழும்பில் இருந்து கொம்பனிக்காரன் வந்தான். ஆளில்லாத கரை, அலையில்லாத தண்ணீர், ஒரு பகல் முழுக்க நீந்திவிட்டு வரலாம் என்று விளம்பரம் போட்டான். அந்தோனியார் குடா என்று பெயர் வைத்தவனும் அவன்தான். ரூறிஸ்ட் என்றால் நேவி விடுகிறான், ஊராள் என்றால் விடான். எனக்கே கொம்பனித் தொப்பி போட்டால்தான் வழி. துவாய் போட்டதைக் கண்டவுடன் நான் எடுத்துவிட்டேன். அது போட்டோவில் வராது.

அது கல்லறை என்று தெரிந்தால் ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். கொம்பனி வேறு கரை பார்க்கும், நேவி டோசரைக் கொண்டுவரும். ஆகவே ஊரிலும் நான் வாய் திறக்கவில்லை, சுகந்தினிக்குக்கூடத் தெரியாது. நீங்கள் வந்து ஒரு சொல் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயத்தில்தான் வரவேண்டாம் என்றேன்.

என் பிழை என்றால் மன்னியுங்கள்.

தம்பி


மண்டபம் முகாம்
25.6.2014

தம்பிக்கு,

சுகமாக இரு. சுகந்தினியையும் சுகம் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்தேன். சின்ன வயதிலேயே பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். டோசருக்கு முன்னால் நின்றபோது சிவந்ததா? ஆனாலும் அந்த நேரத்தில் நான் நின்றிருந்தால் எனக்கு அந்தப் புத்தி வந்திராது, குழறியிருப்பேன். அவ்வளவுக்கு உனக்கு நன்றி சொல்கிறேன். மிச்சத்துக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

ஆவணியில் எங்களைப் பிளேனில் அனுப்புகிறார்கள். எனக்குக் குடை வேண்டாம், சாய்கதிரை வேண்டாம். உன் போட்டில் ஒரு இடம் வேண்டும். கூட்டுகிறவளாகவோ கோப்பை கழுவுகிறவளாகவோ கொண்டுபோ. அது அந்தோனியார் இல்லை என்று என் வாயால் சொல்லமாட்டேன். மாதா மேல் ஆணை. போதுமா?

அக்கா


பள்ளிமுனை
20.7.2014

பாசமுள்ள அக்காவுக்கு,

மடுத் திருவிழாவுக்கு முந்தி வந்து சேருங்கள், பிரயாணத்துக்கு மாதா துணை நிற்பா. கொம்பனியில் கதைத்துவிட்டேன். சமைக்கிற ஆள் என்று சொல்லியிருக்கிறேன். போகிற அன்றைக்கு வெள்ளைச் சேலை உடுக்க வேண்டாம். கிட்டப் போய் அழ வேண்டாம். ரூறிஸ்ட் சந்தோசமாக இருக்க வருகிறவர்கள், அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டிருக்கிறோம்.

பஸ்ரியன்


பள்ளிமுனை
12.10.2014

அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு பஸ் ஏறினால் அடம்பன், அதற்கும் கடிதம் எழுதவேண்டி வந்துவிட்டது. நேரே வந்தால் சண்டையில் முடியும். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் அத்தானின் தங்கச்சி வீட்டுக்குப் போனதில் சுகந்தினிக்கும் மனவருத்தம்.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு எங்களோடு போட்டில் வந்த அந்தக் கொழும்பு, கொட்டாஞ்சேனைப் பெண் கொம்பனியில் போய் ஆர்ப்பாட்டம் பண்ணியிருக்கிறா. சுடலையில் கொண்டுபோய் நீந்த விட்டார்கள், செத்த பிள்ளையைக் கும்பிட வைத்தார்கள் என்று. கொம்பனி அந்தக் குடாவை விட்டுவிட்டது. என்னையும் விட்டுவிட்டது. நேவிப் பெரியவர் கூப்பிட்டார். இப்போது இருப்பவர் புது ஆள். "அந்தோனி கியலா பொறு கிவ்வாத? பொய்யா சொன்னது?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

இனி அந்தக் கரைக்குத் தொப்பி போட்டாலும் போக முடியாது. துடுப்பு எங்கே என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

ஆணையிட்டுத் தந்தீர்களே அக்கா! ஒரு பகல் வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு கஷ்டமா? நான் பொய் சொல்லிக் காப்பாற்றியதை நீங்கள் உண்மை சொல்லி அழித்துப்போட்டீர்கள். எனக்குத் தொழிலும் இல்லை, உங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

பஸ்ரியன்


அடம்பன்
2.11.2014

பஸ்ரியனுக்கு,

நீயும் சுகந்தினியும் நோய் நொடியில்லாமல் இருங்கள். என் மேல் உள்ள கோபத்தில் உன் பிரசரை ஏற்றிக்கொள்ளாதே.

உன் தொழில் போனதற்கு நான் அழுதேன். நம்பினால் நம்பு. துடுப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் ஆணை மீறினேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். நீ போட்டடியில் மெசினைத் துடைத்துக்கொண்டு நின்றாய், ஒன்றும் பார்க்கவில்லை.

நீ சொன்னபடி பூச்சேலைதான் உடுத்தினேன். போட்டில் எல்லோரும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள், எனக்கு மேளம் மட்டும் நெஞ்சில் இடித்தது. இறங்கியதும் அவர்கள் தண்ணீரில் விழுந்தார்கள். நான் அடுப்பு மூட்டி விளைமீன் பொரித்தேன். உண்மையைச் சொன்னால், வடிவான இடம்தான். கண்ணாடி மாதிரித் தண்ணீர், காலடியில் மீன் ஓடுவது தெரிகிறது. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தபோது இது வடிவென்று யார் பார்த்தது? ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நீந்தினான். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பிள்ளை மேல்கூட எரிச்சலாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீந்திக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரைத் தவிர எல்லோரும் சாப்பிட்டுச் சரிந்த பிறகுதான் கிட்டப் போனேன். அழவில்லை. அழ வரவும் இல்லை, ஏனென்றால் முதலில் கண்ணில் பட்டது தொட்டில்கள். துணித் தொட்டில், றிபன் தொட்டில், பிளாஸ்ரிக் பொம்மை வைத்த தொட்டில். துடுப்பு தெரியாத அளவுக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நீ எழுதிய கடிதம் ஒன்றிலும் இது இல்லை, அந்தப் போட்டோவிலும் இல்லை. பிள்ளை செத்துக் கிடக்கிற இடத்தில் பிள்ளை வரம்! யாரோ கேட்டிருப்பார்கள், என்ன வரம் தருவார் என்று. நீயும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாய். உனக்கு வாய்க்கு வருகிறதுதான் எப்போதும் வினை.

அந்தக் கொட்டாஞ்சேனைப் பெண் ஈரத் தலையோடு வந்து முழந்தாளிட்டாள். சின்ன மஞ்சள் தொட்டில் ஒன்றைக் கட்டினாள். பாவம், எத்தனை கோயில் ஏறி இறங்கினாளோ. பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். காதைக் காட்டினேன். கிட்ட வந்து சத்தமாகக் கேட்டாள்.

"இந்த அந்தோனியார் கேட்டதக் குடுப்பாராமே அம்மா. ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"இருக்கினம்" என்றேன்.

"எத்தின பேரு?"

"ரெண்டு. பெடியன் இந்தியாவில. பெட்டை இஞ்ச."

"இங்கன்னா, மன்னார்லயா?"

"இஞ்ச பிள்ளை. நீங்க தொட்டில் கட்டினியளே, அதுக்குக் கீழ."

இவ்வளவுதான் நான் சொன்னது. அந்தோனியார் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. எத்தனை பிள்ளை என்று கேட்டாள். இங்கே வைத்து, கொறற்றிக்கு மேலே நின்றுகொண்டு, ஒன்று என்று சொல்லச் சொல்கிறாயா? வேறு எந்தக் கரையில் கேட்டிருந்தாலும் ஒன்று என்று சொல்லியிருப்பேன். முகாமில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், பதிகிறவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும். அன்றைக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. நான் நினைத்தேன், பேர் கேட்பாள் என்று. பேர் கேட்டால் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவள் கேட்கவில்லை. கட்டிய தொட்டிலை அவிழ்க்கத் தொடங்கினாள். இறுக்கிக் கட்டிவிட்டாள், முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். அதை நெஞ்சோடு பொத்திக்கொண்டு ஓடிப்போய்த் தண்ணீரில் கையைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள், நீந்திக்கொண்டிருந்த புருசனைக் கத்திக் கூப்பிட்டுக் கரையேற்றினாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். வரம் கேட்டு வந்தவளுக்குக் கல்லறையில் என்ன வேலை?

அவள் போன பிறகு அங்கே ஒருத்தரும் இல்லை. மற்றவர்கள் குடைக்குக் கீழே நித்திரை. நான் மணலில் உட்கார்ந்து கையை வைத்தேன். வெயிலில் மணல் சுட்டது, காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி. "கொறற்றி" என்று கூப்பிட்டேன். என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட வாயெடுத்தேன்.

நீ கையை ஆட்டி ஆட்டி விசில் ஊதிக்கொண்டிருந்தாய், ரூறிஸ்ட் எல்லோரும் போட்டில் ஏறவேண்டும் என்று. நானும் எழும்பி வந்து ஏறினேன்.

புஸ்பம்